சிங்கத்துக்குப் புருவம் உண்டா?

2025 ஏப்ரல் 27, ஞாயிறு, இரவு 10.50

ஒரு கேள்வி. 1994-ல் வந்த 'லயன் கிங்' படத்தில் அப்பா சிங்கம் முஃபாசா விழும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும். அதே கதையை, அதே இடத்தை, 2019-ல் நிஜச் சிங்கம் போலவே செய்து எடுத்தார்கள். அதில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வயதாகிவிட்டது, மனசு மரத்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குக் கடை லீவு. மகளோடு இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பழைய படத்தில் குட்டி சிம்பா செத்துக்கிடக்கும் அப்பாவின் காதைப் பிடித்து இழுக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். புதிய படத்தில் அதே இடம் வந்ததும் திரும்பி என்னைக் கேட்டாள்: "அப்பா, இது இப்ப அழுவுதா, சும்மா பாக்குதா?"

சும்மாதான் பார்க்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்ததா?

2025 ஏப்ரல் 28, காலை 9.15

கடை திறந்ததும் முதல் வேலையாக டோனரின் முகத்தை உற்றுப் பார்த்தேன். தெரியாதவர்களுக்கு: கும்பகோணத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டோனர் என்பது கடைப் பூனை. மிஷினில் போடும் டோனர் பொடி மாதிரி சுத்தக் கறுப்பு, அதனால் அந்தப் பெயர். மிஷின் சூட்டில்தான் படுப்பான்.

அவனுக்குப் புருவம் இல்லை. கோபம் வந்தால் காது பின்னால் மடியும், எரிச்சல் வந்தால் வால் ஆடும். முகம் மட்டும் எப்போதும் ஒரே மாதிரிதான், வரி கட்டச் சொன்ன முகம். 2019 படத்தில் எல்லாச் சிங்கத்துக்கும் இந்த முகம்தான். 1994-ல் ஓவியர்கள் ஒவ்வொரு சிங்கத்துக்கும் கண்ணுக்கு மேல் புருவம் வரைந்து வைத்தார்கள். வில்லன் சிங்கம் ஸ்காருடைய புருவம் மட்டும் தனியாக ஒரு நடிகர். நிஜம் வேண்டும் என்று வந்தவர்கள் முதலில் அதைத்தான் வழித்து எறிந்திருக்கிறார்கள். அந்தப் படத்தில் ஒரு ஃபிரேம்கூடக் கேமராவில் எடுத்தது கிடையாது, எல்லாமே கணினி. எல்லாம் பொய்யாக இருக்கும்போது புருவத்தில் மட்டும் என்ன நேர்மை?

ஆக, என் கட்சி: விலங்குப் படத்தின் கவர்ச்சி முழுக்கப் புருவத்தில் இருக்கிறது.

2025 ஏப்ரல் 28, மதியம் 2.40

சாப்பிடும்போது ஞாபகம் வந்தது. அதே 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. உள்புருவத்தை மேலே தூக்குவதற்கென்று நாய்க்கு ஒரு தசை இருக்கிறது. ஓநாய்க்கு அது பெரும்பாலும் வளர்ந்திருப்பதில்லை, ஏதோ நாலு நார்தான். மனிதனோடு சேர்ந்து வாழ ஆரம்பித்த பிறகு, பாவமாகப் பார்க்கத் தெரிந்த நாய்க்குத்தான் சோறு கிடைத்தது போலிருக்கிறது. கார்ட்டூன்காரர்கள் நூறு வருடமாகச் செய்வதை நாய் பல ஆயிரம் வருடம் முன்னாலேயே தானாகச் செய்துகொண்டுவிட்டது.

2025 ஏப்ரல் 28, இரவு 11.05

திருத்தம். கேமராவில் எடுத்தது ஒன்றுகூட இல்லை என்று காலையில் எழுதியது தவறு. ஒரே ஒரு ஷாட் இருக்கிறது: படம் தொடங்கும் சூரிய உதயம். இயக்குநர் ஜான் ஃபேவ்ரோவே வெளியிட்ட செய்தி. சூரியனுக்கும் புருவம் கிடையாது என்று ஒருவர் கீழே போட்டிருக்கிறார். சிரித்தேன்.

2025 ஏப்ரல் 30, இரவு 9.30

"சின்ன வயதில் பார்த்தது, பழைய பாசம், அவ்வளவுதான்" என்று மூன்று பேர் சொல்லியிருக்கிறீர்கள். என் மகளுக்கு ஏது பழைய பாசம்? இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவள். ஆனால் யோசித்தால் எனக்கே ஓர் ஓட்டை தெரிகிறது. பழையதை முதலில் போட்டது நான். இரண்டாவதாக எதைப் போட்டிருந்தாலும் கண்ணீர் தீர்ந்துதான் போயிருக்கும்.

அதனால் தங்கை மகனைப் பிடித்தேன். ஆறு வயது. புதியதை மட்டும், அதுவும் தமிழில், எத்தனை தடவை பார்த்தானோ கணக்கில்லை. அவனுக்கு அந்தப் படம் உயிர். சிங்கத்துக்காக இல்லை. காட்டுப்பன்றி பும்பாவின் குரலாக ரோபோ சங்கர், கீரி மாதிரி இருக்கும் டிமோனின் குரலாக சிங்கம்புலி, அவர்கள் அடிக்கும் கூத்துக்காக. ஸ்கார் பேசும்போது மட்டும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவானாம். அரவிந்த்சாமியின் குரல் பயமாக இருக்கிறதாம். பல்லைப் பார்த்து வராத பயம் குரலைக் கேட்டு வருகிறது.

நானும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

2025 மே 4, ஞாயிறு

விலங்குப் படத்தில் அழவைப்பது என்றால் 1942-ல் வந்த 'பாம்பி'தான் (பாம்பு இல்லை, மான்குட்டி). தாய் மானைப் பனிக்காட்டில் சுட்டுச் சாய்க்கும் காட்சி இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ரத்தம் பனியில் தெறிப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது.

2025 மே 5

மேலே எழுதியதற்கு மன்னிக்கவும். நேற்று இரவு மறுபடி பார்த்தேன். அப்படி ஒரு காட்சியே இல்லை!

தாயும் குட்டியும் ஓடுகிறார்கள். வேட்டுச் சத்தம் கேட்கிறது. குட்டி மட்டும் புதருக்குள் வந்து சேர்ந்து, தப்பித்துவிட்டோம் அம்மா என்று திரும்பிப் பார்க்கிறது. யாரும் இல்லை. பனி கொட்ட ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான். ரத்தம் இல்லை, உடல் இல்லை, துப்பாக்கி பிடித்தவனின் நிழல்கூட இல்லை. படம் முழுக்கவே மனிதன் திரையில் வருவதில்லை. நான் முப்பது வருடமாகச் சுமந்துகொண்டிருந்த ரத்தம் நானே ஊற்றிக்கொண்டது. கீழே இன்னும் இரண்டு பேர் தாங்களும் அப்படித்தான் 'பார்த்ததாக' எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் மறுபடி பாருங்கள்.

2025 மே 6

பாம்பியை விட மனசு வரவில்லை, இன்னும் கொஞ்சம்.

அந்தப் படத்துக்காக மெய்ன் மாகாணத்திலிருந்து இரண்டு மான்குட்டிகளை ஸ்டூடியோவுக்கே வரவழைத்து வளர்த்தார்கள். ரிக்கோ லெப்ரன் என்ற ஓவியர் வந்து, எலும்பு எங்கே மடங்குகிறது, தசை எங்கே இழுக்கிறது என்று மற்ற ஓவியர்களுக்குப் பாடம் எடுத்தார். ஆக உடம்பு அசல் மான். முகம்? மார்க் டேவிஸ் கைக்குழந்தைகளின் முகபாவத்தைப் பார்த்துப் பார்த்து மானுக்குள் இறக்கினார். மான் உடம்பு, பிள்ளை முகம். அடுத்த வருடமே, 1943-ல், கொன்ராட் லோரென்ஸ் என்ற விலங்கியல் அறிஞர் பெரிய தலை, பெரிய கண், உருண்டைக் கன்னம் என்று எதைக் கண்டாலும் மனிதனுக்குத் தூக்கிக் கொஞ்சத் தோன்றும் என்று எழுதினார். ஸ்டூடியோக்காரர்கள் அதைக் கோட்பாடு இல்லாமலே கண்டுபிடித்திருந்தார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது டைரஸ் வாங் கதை. சீனாவில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா போனவர். காட்டை இலை இலையாக வரைந்து பார்த்தபோது மான் அந்த இலைக்குள் தொலைந்துபோனது. அவர் சோங் காலத்துச் சீன ஓவியங்கள் போல, பனிப்புகைக்குள் நாலு மரத்தை மட்டும் காட்டி, மற்றதைப் பார்ப்பவனிடம் விட்டுவிட்டார். இப்போது மே 5 பதிவைப் படித்துப் பாருங்கள். காட்டின் மீதியை நம்மை வரைய வைத்தவர்கள், ரத்தத்தையும் நம்மிடமே விட்டிருக்கிறார்கள். டைட்டிலில் அவரைப் பின்னணி ஓவியர் வரிசையில் ஒருவராக மட்டும் போட்டார்கள். நீண்ட காலம் கழித்துத்தான் பெயர் வெளியே வந்தது. 2016-ல் 106 வயதில் காலமானார்.

2025 மே 11, ஞாயிறு

நாய்க்கு வருவோம். இது என் தொழில் சம்பந்தப்பட்டது, அதனால் நீளும்.

1961-ல் வந்த டால்மேஷியன் நாய்ப் படம், 101 நாய்கள். எல்லா ஃபிரேமையும் கூட்டினால் 64,69,952 புள்ளிகள் என்று டிஸ்னி சொன்ன கணக்கு. யார் உட்கார்ந்து எண்ணினார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு. அந்தப் படம் வெளிவந்ததற்குக் காரணமே ஜெராக்ஸ் மிஷின்தான்.

அதற்கு முன்னால் எப்படி என்றால், ஓவியர் தாளில் பென்சிலால் வரைவார். மை தீட்டும் பிரிவில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் கண்ணாடி போன்ற தகட்டில் பேனாவால் பிரதி எடுப்பார்கள். ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். அந்த முறையில் எடுத்த 1959-ன் 'ஸ்லீப்பிங் பியூட்டி' பணத்தை விழுங்கிவிட்டது. அடுத்து 101 நாய், ஒவ்வொன்றுக்கும் புள்ளி! அப் ஐவர்க்ஸ் என்பவர் ஜெராக்ஸ் முறையை மாற்றியமைத்து, பென்சில் கோட்டை அப்படியே தகட்டில் இறங்கச் செய்தார். எங்கள் கடை மிஷினில் நடப்பதும் அதே விஷயம்தான்: டிரம்மில் மின்னேற்றம், படம் விழும் இடத்தில் பொடி ஒட்டும், சூடு காட்டினால் பிடித்துக்கொள்ளும்.

அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நாயின் முதுகுக் கோடு வழவழவென்று இருக்காது. சொரசொரப்பாக, கொஞ்சம் பிசிறோடு, கறுப்பாக இருக்கும். ஓவியரின் கை அழுத்திய இடம் தெரியும். வால்ட் டிஸ்னிக்கு அந்தப் பிசிறு பிடிக்கவில்லையாம். எனக்கு அந்தப் பிசிறுதான் நாய். மயிர் மயிராக வரையாமலே அந்த முதுகில் கை வைக்கத் தோன்றுகிறது.

மை தீட்டிய பெண்களில் பலருக்கு வேலை போனது. நான் மிஷின் வாங்கி வைத்தபோது தாலுகா ஆபீஸ் வாசலில் மனு டைப் அடித்துக்கொடுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு வருடம் பார்த்தார், அப்புறம் வரவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

2025 மே 13

"ஜெராக்ஸ் எடுத்தால் எல்லாப் புள்ளியும் ஒரே இடத்தில்தானே வரும்?" என்று கேட்டவருக்கு: நாயையே ஜெராக்ஸ் எடுக்கவில்லை அண்ணே, கையால் வரைந்த தாளைத்தான். ஆனால் கூட்டமாக வரும் இடங்களில் ஒரே குட்டியின் ஓட்டத்தைப் பிரதி எடுத்து அடுக்கவும் முடிந்தது. அது நீங்கள் நினைத்த ஜெராக்ஸ்தான்.

2025 மே 18, ஞாயிறு, இரவு 11.50

என் புருவக் கொள்கை ஊத்திக்கொண்டது.

தம்பி லேப்டாப்பில் 'ஃப்ளோ' வைத்திருந்தான். லாட்வியா நாட்டுப் படம், கின்ட்ஸ் சில்பலோடிஸ் இயக்கியது. இந்த மார்ச்சில் ஆஸ்கர் வாங்கியது, அந்த நாட்டுக்கு முதல் ஆஸ்கர். சுமார் 35 லட்சம் யூரோ செலவில், யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய பிளெண்டர் மென்பொருளில் செய்தது. பெரிய கம்பெனிப் படங்களில் டீச்செலவு அவ்வளவு இருக்கும். வெள்ளம் வருகிறது, ஒரு கறுப்புப் பூனை படகில் ஏறுகிறது. அதே படகில் ஒரு காபிபாரா (பெரிய எலி மாதிரி), ஒரு லெமூர் (குரங்கு மாதிரி), ஒரு லாப்ரடார் நாய், ஒரு செக்ரட்டரி பறவை (நீளக் கால் பறவை). படம் முழுக்க ஒரு வார்த்தை பேச்சு இல்லை. புருவமும் இல்லை. பூனை பூனையாகவே இருக்கிறது.

மாடியில் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். கடையிலிருந்து டோனரையும் தூக்கி வந்திருந்தாள் மகள். படத்துப் பூனை முதல் தடவை கத்தியதும் டோனரின் காது இரண்டும் நிமிர்ந்தது. எழுந்தான். திரையை மோந்தான். பிறகு லேப்டாப்பைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தான், அங்கே பூனை இருக்கிறதா என்று. ஒயரைத் தவிர ஒன்றும் இல்லை. திரும்பி வந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தவன், பாதிப் படம் வரை அசையவில்லை. படத்தில் இருப்பது நிஜப் பூனையின் குரல். பூனைக்கே பூனையைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள்.

மகள் இந்தத் தடவை எதையும் கேட்கவில்லை. பூனை தண்ணீருக்குள் மூழ்கும் இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், அது மேலே வந்த பிறகுதான் விட்டாள்.

சரி, புருவம் இல்லாமல் இது எப்படி நடக்கிறது? 2019 சிங்கத்துக்கும் புருவம் இல்லையே.

2025 மே 19, காலை

தூக்கம் வரவில்லை, கிடைத்தது.

சிங்கம் பேசுகிறது. பூனை பேசவில்லை. பேசாத மிருகத்திடம் நாம் முகத்தை எதிர்பார்ப்பதில்லை. வாலையும் காதையும் முதுகையும் பார்க்கிறோம், வீட்டுப் பூனையை வருடக்கணக்காகப் படிக்கிற மாதிரியே படிக்கிறோம். வாயைத் திறந்து "அப்பா" என்று சொல்லிவிட்டால் நம் கண் முகத்துக்குப் போய்விடுகிறது. அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்றால் ஏமாற்றம். அதாவது பேச்சுக்குக் கொடுக்கிற விலைதான் புருவம்.

2019 படத்திலேயே ஆதாரம் இருக்கிறது. சிம்பாவின் பிடரி மயிர்க் கொத்து ஒன்று காற்றில் பறந்து, ஒட்டகச்சிவிங்கி வாய்க்குள் போய், சாண வண்டு உருட்டிக்கொண்டு போய், குரங்கு ரஃபிக்கி கைக்கு வந்து சேரும். யாரும் பேசாத இடம். படத்திலேயே அதுதான் எனக்குப் பிடித்தது. நேற்று அந்தப் படத்தை மியூட் போட்டுக் கொஞ்சம் பார்த்தேன், அருமையாக இருக்கிறது. ஏப்ரல் 30-ல் கண்ணை மூடிக் கேட்டால் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா. கண்ணை மூடினால் நல்ல வானொலி நாடகம், காதை மூடினால் நல்ல காட்டுப் படம். இரண்டையும் திறந்துவைத்தால்தான் சிக்கல்.

2025 மே 19, மாலை

இன்னொன்று. 'ஃப்ளோ'வில் காபிபாராவுக்குக் குரல் கொடுத்தது ஒட்டகக் குட்டி. நிஜக் காபிபாராவின் குரல் கீச்சென்று இருந்து, அந்த மந்தமான உடம்புக்குப் பொருந்தவில்லை என்று மாற்றிவிட்டார்கள். ஆக நேர்மையான படத்திலும் பொய் இருக்கிறது. எங்கே பொய் சொல்வது என்று தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2025 மே 21

"தேவர் பிலிம்ஸ் ஆட்டை மறந்துவிட்டீர்களே" என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். கார்ட்டூன் இல்லையே என்று விட்டேன், ஆனால் நியாயம்தான். சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'ஆட்டுக்கார அலமேலு' 1977. அம்மா அப்போது பள்ளிக்கூடம். படம் பார்த்துவிட்டு வந்து வீட்டு ஆட்டிடம் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்ததாகச் சொல்வார். அந்த ஆட்டுக்கும் புருவம் கிடையாது, அதுவும் பேசவில்லை. தேவருக்கு நான் நேற்றுக் கண்டுபிடித்தது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

வீட்டு ஆடு என்ன ஆயிற்று என்று அம்மாவிடம் கேட்டேன். "தீபாவளிக்கு முன்னாடி வித்துட்டாங்க" என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை.

2025 ஜூன் 8, ஞாயிறு

டோனர் ஒரு பல்லியைக் கொண்டுவந்து மகளின் செருப்பில் வைத்தான். அவள் இரண்டு நாளாக அவனோடு பேசவில்லை.

இந்தப் படங்கள் எல்லாமே சாப்பாட்டு விஷயத்தில் நழுவுகின்றன. சிம்பா வளர்ந்ததே பூச்சி தின்றுதானாம்! பூச்சி தின்று அந்தப் பிடரி வருமா? 2016-ன் 'ஜூடோபியா'வில் முயலும் புலியும் ஒரே ஊரில் வாழ்கிறார்கள், புலி ராத்திரி என்ன சாப்பிடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. டோனட் தின்று தொப்பை போட்ட சிறுத்தை ஒருவர் போலீஸ் ஸ்டேஷன் வரவேற்பில் இருக்கிறார், அவரோடு விஷயத்தை முடித்துவிட்டார்கள். 'ஃப்ளோ'வில் மட்டும் பூனை மீன் பிடித்துத் தின்கிறது. மகள் அதைப் பார்த்தபோது முகம் சுளிக்கவில்லை. மீனுக்குப் புருவம் வரைந்திருந்தால் சுளித்திருப்பாள்.

சாப்பாட்டுப் பழியைச் சுமப்பது எப்போதும் கழுதைப்புலிதான். 1994 'லயன் கிங்'குக்காக, அமெரிக்காவின் பெர்க்லியில் ஆய்வுக்காக வளர்த்த கழுதைப்புலிகளை டிஸ்னி ஓவியர்கள் நேரில் போய் வரைந்தார்கள். நல்லபடியாகக் காட்டுங்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். காட்டினார்களே! புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது, அதைத் தட்டிப் பறிக்கிற வேலையைச் சிங்கம் செய்கிறது. அந்தப் படத்தில் கழுதைப்புலி பற்றி ஒரு விஷயமும் உண்மை இல்லை.

2025 ஜூன் 9

ஒன்று உண்மை. கூட்டத்துக்குத் தலைமை பெண். படத்தில் மூன்று கழுதைப்புலிகளில் முன்னால் நிற்கும் ஷென்ஸி பெண்தான், வூப்பி கோல்ட்பர்க் குரல். தெரிந்து செய்தார்களா, தானாக அமைந்ததா, எதுவானாலும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுகிறேன்.

2025 ஜூலை 6

முயல் படம் என்று நம்பி 1978-ன் 'வாட்டர்ஷிப் டவுன்' போட்டேன். இருபது நிமிடத்தில் நிறுத்தினேன். பிரிட்டனில் இதற்கு எல்லோரும் பார்க்கலாம் என்று 'யு' கொடுத்திருந்தார்கள், நாற்பது வருடத்துக்கு மேல் பெற்றோர் புகார் எழுதிக்கொண்டே இருந்து, 2022-ல்தான் ஒரு படி ஏற்றி 'பிஜி' (பெற்றோர் பார்த்து முடிவு செய்யவும்) ஆக்கினார்கள். நானும் ஒரு புகார் எழுதியிருப்பேன். ஆனால் மகள் தூங்கிய பிறகு மீதியைத் தனியாகப் பார்த்தேன். நல்ல படம்.

2025 ஜூலை 27

மகளுக்கு 'நீமோ' வேண்டுமாம், 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் வரும் கோமாளி மீன். கடையில் போய்க் கேட்டால் வாங்கலாம், ஆனால் அது கடல் மீன், உப்புத் தண்ணீர், வடிகட்டி, கூடவே கடல் சாமந்தி என்று போகும். நம் வீட்டுத் தொட்டியில் காவிரித் தண்ணீர். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடிப் போய், வேறொன்றில் மாட்டினேன்.

2003-ல் அந்தப் படம் எடுத்தபோது மீன் அறிஞர்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தார்கள். குளிர்ந்த கடலில் மட்டும் வளரும் கெல்ப் பாசி பவளப் பாறை மேல் இருக்கிறது என்று ஒருவர் சுட்டிக்காட்ட, அதை எடுத்துவிட்டார்கள். அவ்வளவு கறார். ஆனால் கோமாளி மீன் கூட்டத்தில் பெண் மீன் செத்தால், பெரிய ஆண் மீன் பெண்ணாக மாறிவிடும். படத்தின் முதல் காட்சியிலேயே நீமோவின் அம்மா செத்துவிடுகிறாள். கணக்குப்படி அப்பா மார்லின் மகனைத் தேடிப் புறப்படுவதற்குள் அம்மாவாக மாறத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதை மகளிடம் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப நீமோவுக்கு அம்மா கெடச்சிடுச்சுல்ல" என்றாள், ரொம்ப நிம்மதியாக.

கோமாளி மீனுக்கு இமையே கிடையாது. நீமோவுக்கு இமையும் உண்டு, புருவ மேடும் உண்டு, பேச்சும் உண்டு. மே 19 கணக்கு இன்னும் சரியாகத்தான் போகிறது.

2025 செப்டம்பர் 19, வெள்ளி

நேற்று ரோபோ சங்கர் இறந்துவிட்டார். தங்கை மகனுக்கு அவரை வேறு எந்தப் படத்திலும் அடையாளம் தெரியாது. டிவியில் அவர் குரல் கேட்டதும் "பும்பா" என்று ஓடி வந்தானாம். தங்கை டிவியை அணைத்துவிட்டாள்.

2025 நவம்பர் 30, ஞாயிறு

நாலு மாதமாக இந்தப் பக்கம் சரியாக வரவில்லை. வாக்காளர் படிவம், நகல், போட்டோ என்று கடையில் நிற்க நேரமில்லை. டோனர் வேறு மிஷினை விட்டு இறங்குவதே இல்லை. தின்று தின்று பெருத்துவிட்டான்.

இன்றைக்கு 'ஜூடோபியா 2'. மகள், தங்கை மகன், அம்மா, நான். முதல் படத்தில் அந்த ஊரில் பாலூட்டிகள் மட்டும்தான். இதில் பாம்பு வருகிறது: கேரி, நீல நிற விரியன். எதிரியாக இருக்கும் என்று நினைத்துத்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அப்படி இல்லை என்று தெரிய வந்தபோது அம்மா சொன்னார், "நல்ல வேள, அடிக்காம உட்டாங்க." கையும் இல்லை, காலும் இல்லை, வெறும் கயிறு. அந்த முகத்தில் பாவம் ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே!

பாம்புக்குக் கார்ட்டூனில் ஒரு பழைய கடன் இருக்கிறது. கிப்ளிங் எழுதிய 'ஜங்கிள் புக்' கதையில் கா என்ற மலைப்பாம்பு, குரங்குகளிடமிருந்து மௌக்ளியை மீட்க வருகிற கூட்டாளி. 1967 படத்தில் அவனையே கண்ணால் மயக்கித் தின்னப் பார்க்கிற ஆளாக மாற்றிவிட்டார்கள். அதே படத்தில் நம் நாட்டுக் காட்டில் ஓர் உராங்குட்டான் ராஜாவாக இருக்கும். இந்தியாவில் ஏது உராங்குட்டான்? அதற்கு யாரும் வருந்தவில்லை, பாட்டு நன்றாக இருந்தது.

தங்கை மகன் வெளியே வரும்போது கேட்டான்: "பாம்புக்குக் காதே இல்லியே, அவங்க பேசுறது எப்படிக் கேக்குது?" வெளிக்காது இல்லாவிட்டாலும் அதிர்வு தாடை வழியாக உள்ளே போகும் என்று சொன்னேன். ஏற்றுக்கொண்டான். பாம்பு எப்படிப் பேசுகிறது என்பதை அவன் கேட்கவில்லை. நாமும் கேட்பதில்லை.

2025 டிசம்பர் 14, ஞாயிறு, காலை 7.20

ஏப்ரலிலிருந்து எழுதிய எல்லாப் பதிவிலும் ஒரு திருத்தம்.

டோனர் அவன் இல்லை. நேற்று ராத்திரி ஏ4 தாள் பெட்டிக்குள் மூன்று குட்டி. இரண்டு கறுப்பு, ஒன்று சாம்பல். கடை திறந்தவன் பெட்டியில் கை விட்டபோதுதான் தெரிந்தது. ஏழு மாதமாக முகத்தையும் காதையும் வாலையும் படித்தேன் என்று இங்கே பெருமை அடித்தவன் நான்.

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டாள்: "நீமோ அப்பா மாதிரி மாறிடுச்சாப்பா?"

பெயர் கேட்டு யாரும் எழுத வேண்டாம், சயான், மெஜந்தா என்று கலர் டோனர் பெயராகவே மகள் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். பெட்டியில் இன்னும் பாதிக் கட்டு தாள் இருக்கிறது, எடுக்கப் போனால் டோனர் சீறுகிறாள். நாளைக்குக் காலையில் முதல் ஆளாக வருபவர்களுக்கு லீகல் சைஸில்தான் நகல் கிடைக்கும்.